நிஷாந்தியின் ஓட்டு

நிஷாந்திக்கு இருபத்தாறு வயது. பிறந்ததிலிருந்தே கைகால்கள் விறைத்திருக்கும்; நடக்க முடியாது. பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். இலங்கை மலையகத்தில் இறம்பொடைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், யாரும் அவளிடம் நேராகப் பேசுவதில்லை. அவள் வாசலில் உட்கார்ந்திருக்கும்போதே, "புள்ள சாப்பிட்டிருச்சா?" என்று அம்மா அழகம்மையிடம்தான் கேட்பார்கள்.

முந்தைய தேர்தல்களில் அவளை வீட்டில் விட்டுவிட்டே போனார்கள். இந்த முறை விடியும்போதே தலை வாரிவிடச் சொல்லி அடம்பிடித்தாள். கொழும்பிலிருந்து ஓட்டுப் போட வந்திருந்த தம்பி விஜிதரன் அவளை முதுகில் சுமந்துகொண்டு ஓட்டுச் சாவடியான தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினான். அழகம்மையும் கூட நடந்தாள்.

வழியில் தொழிற்சங்கத் தலைவர் இராமையா மறித்தார். "இதை ஏன்டா தூக்கிக்கிட்டு அலையுற? ஒரு ஓட்டுல என்ன ஆகப்போவுது? சனம் வேடிக்க பாக்கும்."

தம்பி வாய் திறப்பதற்குள், "பா...க்கட்டும்" என்றாள் நிஷாந்தி.

பள்ளிக்கூடத்துக்குள் அவளை ஒரு நாற்காலியில் இறக்கினான். தமிழ் தெரிந்த சிங்கள அதிகாரி ஒருவர் அழகம்மையைப் பார்த்து, "இவங்களுக்கு வெளங்குமா?" என்றார்.

"அவ்வளவா இல்லீங்க ஐயா. நானே போட்டுர்றேன்." இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ஊர் வாயிலிருந்து மகளை இத்தனை காலம் காப்பாற்றியிருந்தாள்.

"வெளங்கும்!" நிஷாந்தியின் குரல் கூரைத் தகரத்தில் மோதியது. "என்னைய... கேளுங்க."

அதிகாரி திகைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பிப் பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள். மடங்கிக் கிடந்த சுண்டுவிரலை மேசை விளிம்பில் அழுத்தித் தானே நிமிர்த்தி, மை பூச நீட்டினாள்.

ஓட்டுச் சீட்டை வாங்கி, நாற்காலியோடு அவளை அட்டை மறைப்புக்குள் நகர்த்தியதும், உதவிக்கு உடன் போன அழகம்மை பேனாவை எடுத்தாள். "யாருக்குன்னு கண்ணக் காட்டு சாமி, அம்மா போடுறேன்."

நிஷாந்தி பேனாவைப் பறித்தாள். "நீ... அந்தப் பக்கம்... திரும்பிக்கம்மா."

ஊட்டி, குளிப்பாட்டி, துணி மாற்றிவிட்ட தாயிடம் மகள் மறைத்தது என்று இதுவரை ஒன்றுமே இருந்ததில்லை. அழகம்மையின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் திரும்பி நின்றாள். பேனா கீழே விழுந்தபோது சீட்டைப் பார்க்காமல் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் விழுந்தது. மறுபடியும் கொடுத்தாள்.

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. "எவ்வளவு நேரங்க? நாங்க நிக்கிறது தெரியலையா?"

"என் மக ஓட்டுப் போடுறா!" அழகம்மை கத்தினாள். "முடியிற வரைக்கும் நில்லுங்க!"

நின்றார்கள். நிஷாந்தி சீட்டை மடித்து, விறைத்த கையாலேயே பெட்டிக்குள் போட்டாள்.

வெளியே இராமையா சிரித்துக்கொண்டே வந்தார். "என்ன அழகம்மை, புள்ள யாருக்குப் போட்டுச்சு?"

"எனக்குத் தெரியாதுங்க. அவகிட்டயே கேளுங்க."

 இராமையா விஜிதரனின் தோளுக்கு மேல் தெரிந்த அந்த முகத்தைப் பார்த்தார். "யாருக்கும்மா போட்டே?"

நிஷாந்தி அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்தாள்.

"அத... உங்களுக்கு... எதுக்குங்க... சொல்லணும்?"

விஜிதரன் சிரித்த சிரிப்பில் அவளும் சேர்ந்து குலுங்கினாள்.

இராமையா வழிவிட்டு ஒதுங்கி நின்றார். மூவரும் மேட்டில் ஏறினார்கள்.