இரு பக்கமும் இல்லாதவள்

1

2024 யூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. வெள்ளவத்தையில் தூறல், கடற்பக்கம் கறுத்திருந்தது. எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டில், ஐந்தாம் மாடி நவரத்தினம், தம் வீட்டுப் பணிப்பெண் பூமலர் காணாமற்போனதைப் பற்றிச் சொன்னார்: "காட்டுச் சனம். சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போயிருக்கும்."

அந்த வாக்கியத்தின் மீதுள்ள கோபமே இக்கதை. உயர்ந்த நோக்கம் வேறெதுவும் இல்லை.

2

முதல் தொடக்கம்: பூமலர் மிரண்ட மான்போல

[நிறுத்திவிட்டேன். வேடர்குலப் பெண் என்றதும் மானைத் தேடும் என் பேனாவுக்கும், அவளைத் தேடாமலே கோப்பை மூடிய பொலிசுக்கும் அதிக வேறுபாடில்லை.]

(குறிப்பு: அவள் கிழக்கே வாகரைக் கரையோர வேடர்ப் பழங்குடி. தாய்மொழி தமிழ், குடும்பத்தொழில் மீன்பிடி. காட்டில் அவளுக்கு வீடில்லை.)

3

மறு ஆண்டு. கொட்டாஞ்சேனையில், பொலிஸ் முடிவுக்கு எதிரான மேன்முறையீட்டு விசாரணை. பூமலரின் அக்கா கனகவல்லியின் கோரிக்கை ஒன்றே: 'ஊர் திரும்பினார்' என்று மூடிய கோப்பைத் திறக்கவேண்டும். வாகரையிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்த அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. இருக்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

"வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வச்சிருந்தனாங்கள்," என்றார் நவரத்தினம்.

"உங்கட பிள்ளை எண்டா ஒரு கிழம கழிச்சா ஐயா பொலிசுக்குப் போவீங்க?" என்றாள் கனகவல்லி.

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

விசாரணை அதிகாரி பர்ஹா கேட்டார்: "தங்கச்சி ஊருக்கு வரவே இல்லயா?"

"முன்னோர் சடங்குக்கு உசிரோட உள்ள எல்லாரும் வந்து நிக்கணும், மிஸ். செத்தாக்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவம். அவள் வந்து நிக்கல்ல. அவள்ட பேரையும் சொல்லுங்க எண்டு ஊரே நெருக்கிச்சி, நான் விடல்ல. ரெண்டு பக்கமும் அவள் இல்ல. பொலிசு மட்டும் எங்க கண்டதாம்?"

4

முடிவு அ: வத்தளைத் தொழிற்சாலையொன்றில் பூமலர் உயிருடன் இருக்கிறாள். அடித்துவிட்டேன், 'சொல்லாமல் கொள்ளாமல்' போனாள் என்று லிஃப்டில் கேட்டது சரியென்றாகிவிடும்.

முடிவு ஆ: சடலம். வாசகர் கண்ணீர் விடுவார். யாரும் யாரையும் கேள்வி கேட்கமாட்டார்கள். இதுவும் வேண்டாம்.

முடிவு இ எழுதப்படமாட்டாது. அவளுக்கு என்ன நடந்தது என்பதைக் கற்பனை செய்வது என் கடமையன்று, உங்களதும் அன்று. கேட்டறியச் சம்பளம் பெறுவோர் இருக்கிறார்கள்.

பர்ஹா கையொப்பமிட்டார்: கோப்பு மீளத் திறக்கப்படுகிறது, முதலில் பெறப்படும் வாக்குமூலம் வீட்டுக்காரருடையது.

ஒரு பிரதியைக் கனகவல்லியிடம் கொடுத்தார். மற்றதை நீட்டியபோது நவரத்தினம், "எனக்கேன்?" என்றார்.

"வாசிங்க, சேர்," என்று அவர் கையில் வைத்தார் பர்ஹா.