அப்பாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமா வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றுவார், கண்ணாடியைத் துடைப்பார், அப்பாவைத் திட்டுவார். இந்த வரிசை மாறி அந்த வீட்டு மகளான அவள் பார்த்ததே இல்லை. அம்மா கொடுத்த டீ ஆறினாலும் ஆறும், அப்பாவின் மேல் மாமாவுக்கு இருக்கும் மனக்குறை மட்டும் ஆறவே ஆறாது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணில் உள்ள குறையைக் கண்டுபிடித்துப் பிழைக்கிற மனிதருக்கு, தங்கை வீட்டுக்கு வரும்போதாவது அந்தப் பழக்கத்தைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வரத் தெரியாது. பழக்கம் போதாதென்று கருவியும் கூடவே வரும். கண்ணாடிக் காம்புகளை முறுக்குகிற சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்று அவருடைய சாவிக்கொத்தில் எப்போதும் தொங்கும். போகிற இடத்தில் எது லூசாக இருந்தாலும் அவருக்குக் கை அரிக்கும். அவர் முறுக்காத குக்கர் கைப்பிடி அந்த வீட்டில் கிடையாது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எங்கோ தொலைவில், கட்டி முடிக்காத உயரமான கட்டடங்களுக்கு லிஃப்ட் பொருத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் வந்துவிடுவேன் என்பார். அப்புறம் போன் செய்து, இன்னொரு கட்டடம் சேர்ந்துவிட்டது என்பார். இந்த விடுமுறைக்கும் அதே கதைதான். அந்தச் செய்தி முந்தின நாள்தான் வந்திருந்தது. மாமாவுக்கு அது யார் சொல்லித் தெரிந்ததோ, அன்று படியேறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இந்தத் தடவையும் வரலையாமே துரை?" என்றார் சோபாவில் சாய்ந்தபடி. "ஊர்ல இருக்கிற லிஃப்ட் கதவெல்லாம் இவன் போய்த் தொட்டாத்தான் திறக்குமாம். சொந்த வீட்டுக் கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வரத்தான் வழி தெரியலை."

"விடுங்கண்ணே, அவரு மட்டும் என்ன பண்ணுவாரு" என்றாள் அம்மா. மொட்டைமாடியில் துணி காயப்போட வாளியோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சு வந்தால் அம்மாவுக்கு எப்போதும் மாடியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

மகளுக்குப் பதினைந்து வயது. மூக்கின் மேல் கோபம். அறைக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் பென்சிலோடு வெளியே வந்து நின்றாள்.

"மாமா, எங்கப்பாவைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசாதீங்க."

"வந்துட்டாங்கடா வக்கீலம்மா!" மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவள் அப்பாவுக்காகப் பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவர் வைத்த பெயர் அது. "ஏம்மா, கட்சிக்காரரே வாய்தாவுக்கு வர மாட்டேங்கிறாரு, நீ எதுக்கும்மா இந்தக் கத்து கத்துற?"

தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்தார். கையிலிருந்த டீயும் அவரோடு சேர்ந்து குலுங்கியது. அன்று பார்த்து அவர் போட்டிருந்தது புத்தம் புதிய வெள்ளைச் சட்டை. நண்பர் ஒருவரின் செருப்புக் கடைத் திறப்பு விழா. பத்தரைக்கு மாமா கையால்தான் ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. அந்தச் சட்டையின் நெஞ்சில் டீ, மாமாவுக்குப் பிடித்த அளவு டிகாக்‌ஷனோடு, நன்றாகவே இறங்கியது.

"ஐயையோ" என்று மாமா குளியலறைக்கு ஓடினார். அவளுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. அடுத்து கதவு படாரென்று சாத்தப்பட்ட சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றது. அந்தக் கதவை அப்படிச் சாத்தக் கூடாது.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் அது மூடினால் மூடியபடி நிற்காது, காற்றடித்தாலே திறந்துகொள்ளும். மற்றவர்களாக இருந்தால் தச்சரைக் கூப்பிட்டுப் புதுத் தாழ்ப்பாள் போட்டிருப்பார்கள். அப்பாவோ, கட்டடத்தில் கழித்துப்போட்ட ஒரு பழைய லிஃப்ட் கதவின் கொக்கியைக் கொண்டுவந்து மாட்டினார். சாத்தினால் கொக்கி தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும். உள்ளிருந்து திறக்கக் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்து, கொஞ்சம் தூக்கி, அப்புறம் திருப்ப வேண்டும். யாராவது மாட்டிக்கொண்டால் வெளியே இருப்பவர் கதவிடுக்கில் கரண்டிக் காம்பை விட்டுக் கொக்கியைத் தூக்கலாம். வீட்டில் இருப்பவர்களுக்குத் தூக்கத்தில்கூடக் கை தானாகச் செய்யும். மாமாவுக்குப் பலமுறை சொல்லியாயிற்று. கதவு என்றால் தள்ள வேண்டும், இல்லை இழுக்க வேண்டும், அதற்கு மேல் தான் எதுவும் செய்வதற்கில்லை என்று கொள்கையாகவே வைத்திருந்தார். வழக்கமாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே முகம் கழுவிவிட்டு வந்துவிடுவார். இன்று சட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது.

சற்று நேரம் குழாய்ச் சத்தம். அப்புறம் கதவு ஆடும் சத்தம். அப்புறம் மாமாவின் குரல்.

"வக்கீலம்மா… கதவைக் கொஞ்சம் திற."

அவள் சமையலறைக்குப் போய்க் கரண்டியை எடுத்தாள். இடுக்கில் விடப் போனாள். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்த எண்ணம் எத்தனை நல்ல எண்ணம் என்பது புரிய அவளுக்கே ஒரு நிமிடம் ஆயிற்று. கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"திறக்கிறேன் மாமா. எங்கப்பாவைப் பத்தி ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க."

உள்ளே கைப்பிடி ஒரு தடவை ஆடி நின்றது.

"என்ன விளையாட்டு இது? எனக்கு நேரமாகுது."

"ஒரு நல்ல வார்த்தைதானே மாமா. எவ்வளவு நேரம் ஆகப்போகுது?"

மாமா யோசித்தார். யோசிப்பது வெளியே கேட்டது, தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். கடைசியில், "நல்ல உயரம்" என்றார்.

"அது தாத்தாவோட உயரம். அப்பா என்ன செஞ்சாரு அதுக்கு?"

"நல்லா சாப்பிடுவான்."

"இது நல்ல வார்த்தையா, குத்தலா?"

"கடன் கேட்டதில்லை."

"மாமா, செய்யாததைச் சொல்லாதீங்க. செஞ்சதைச் சொல்லுங்க."

"உன் தயவே வேண்டாம் போ. ஒரு கதவைத் திறக்க எனக்குத் தெரியாதா? நானே திறந்துக்கிறேன்." சாவிக்கொத்து குலுங்கியது. ஏதோ கீச் கீச்சென்று கத்தியது. கதவை நாலு தடவை உலுக்கினார். கதவு அசையவில்லை. சாவிக்கொத்துச் சத்தமும் நின்றது.

"மாமா?"

வந்த குரலில் பழைய ஜோர் இல்லை.

"ஒரு மழைக்குக் கடைக்குள்ள தண்ணி வந்துச்சு. நீ அப்ப கைக்குழந்தை. கீழ்த்தட்டுல இருந்த ஃபிரேம் எல்லாம் சேறு. நான் தலையில கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டேன். உங்கப்பன் வேலைக்குப் போகாம வந்து, ஒவ்வொரு ஃபிரேமா கழுவி, துடைச்சு, ஃபேனுக்குக் கீழ வரிசையா காயப்போட்டான். நான் ஒரு வார்த்தை கேட்கலை. தானாத்தான் வந்தான். சாயங்காலம் வரைக்கும் ஒரு பேச்சு பேசலை. போகும்போது, 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு மச்சான், கடையைத் திறங்க'ன்னான்." கொஞ்சம் நிறுத்தி, "போதுமா?" என்றார்.

அவளுக்கு இது தெரியாது. யாரும் சொன்னதில்லை. அப்பா வரிசையாகக் கண்ணாடிகளைக் காயவைப்பது கண்ணெதிரே தெரிந்தது. இத்தனை நாளும் இதை வைத்துக்கொண்டா இந்த மனிதர் அப்படித் திட்டினார் என்று கோபமும் வந்தது, ஆனால் சொன்ன சொல் சொன்ன சொல்தான். எழுந்து கரண்டிக் காம்பை இடுக்கில் விட்டுத் தூக்கினாள்.

கொக்கி எழவில்லை. திரும்பத் தூக்கினாள். கரண்டிதான் வளைந்தது.

அம்மா காலி வாளியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, மகள் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அம்மாவும் முயன்றாள். கதவு அவளையும் மதிக்கவில்லை. "அவரைத்தான் கேட்கணும்" என்று போனை எடுத்தாள். உள்ளிருந்து, "யாரை? அவனையா? வேண்டாம், வேண்டாம்!" என்று மாமா அலறினார். அதற்குள் அப்பா திரையில் வந்துவிட்டார். தலையில் மஞ்சள் ஹெல்மெட். பின்னால் எங்கோ ஓர் இயந்திரம் இரைந்தது.

அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "கொக்கி எழலையா? எழாம இருக்காதே. உள்பக்கம் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதை லூசாத்தான் விட்டிருக்கேன். லூசா இருந்தாத்தான் கொக்கி ஏறும். அதை யாராவது முறுக்கினாங்களா?"

அம்மா கதவைப் பார்த்தாள். மகளும் கதவைப் பார்த்தாள். உள்ளே குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"லூசா இருந்துச்சு" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல். "லூசா இருந்தா முறுக்க மாட்டாங்களா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவும் சிரித்தார். "பரவாயில்லை. நான் வந்து நல்லதா ஒண்ணு மாட்டிடறேன்" என்றார்.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"எப்ப?" என்றாள் அவள். போனை அம்மாவின் கையிலிருந்து பிடுங்கினாள். "எப்ப வருவீங்க?"

"அது வந்து கண்ணு, இந்தக் கட்டடம் முடிஞ்சதும்…"

"போன தடவையும் கட்டடம். அதுக்கு முந்தின தடவையும் கட்டடம். ஊர்ல இருக்கிற லிஃப்ட் கதவெல்லாம் நீங்க போய்த் தொட்டாத்தான் திறக்குமா? சொந்த வீட்டுக் கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வரத்தான் வழி தெரியலையா?" அவள் வாயிலிருந்து வந்தது மாமாவின் பேச்சு என்று அவளுக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை. "வராத அப்பாவுக்காக நான் எதுக்கு ஞாயித்துக்கிழமை தவறாம எல்லார்கிட்டயும் சண்டை போடணும்? மாமா சொல்றதுதான் சரி. உங்களுக்கு எங்களைவிட லிஃப்ட்தான் முக்கியம்!"

திரையில் அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார். அப்போது குளியலறைக் கதவு உள்ளிருந்து படபடவென்று அடிபட்டது.

"ஏய்! யாரைப் பேசுறே நீ? பெத்த அப்பனை இப்படியா பேசறது?" மாமாதான். "அவன் என்ன அங்க சொகுசாவா உட்கார்ந்திருக்கான்? உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உச்சியில தொங்குறான்! லீவு கேட்டா கொடுக்கிறவன் கொடுக்கணும்ல? யாருக்காக இந்தப் பாடு? உனக்காகத்தானே? இன்னொரு தடவை உங்கப்பனைப் பத்தி ஒரு வார்த்தை பேசினே, எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிட்டேன்!"

பேசி முடித்த பிறகுதான் மாமாவுக்குத் தான் பேசியது கேட்டிருக்க வேண்டும். கதவை அடிப்பது சட்டென்று நின்றது.

"மச்சான்… நீங்களா பேசுனது?" என்றார் அப்பா.

"நான் இல்லாம வேற யாரு? உன் கதவுதான் என்னைப் பிடிச்சு வச்சிருக்கே."

அம்மாவுக்கு அதற்கு மேல் முடியவில்லை. சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அண்ணே, வக்கீல் வேலைக்கு ஆள் மாறிடுச்சு போலிருக்கே" என்றாள்.

அப்பா ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "மச்சான், முறுக்கின அந்த ஸ்க்ரூடிரைவர் கையிலதானே இருக்கு? திருப்பி லூசாக்குங்க. அப்புறம் இழுத்து, தூக்கி, திருப்புங்க."

கீச் கீச். கொள்கையை விட்டுக்கொடுத்து மாமா இழுத்தார், தூக்கினார், திருப்பினார். கதவு சமர்த்தாகத் திறந்தது. பனியனோடு, கையில் நனைந்த சட்டையோடு, யாரையும் பார்க்காமல் வெளியே வந்தார்.

அவள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அதே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்து விட்டாள். அழுதாள். கத்தியதற்காக அழுதாள், கத்தியது முழுக்க நிஜம் என்பதற்காகவும் அழுதாள். அம்மாவின் கையிலிருந்த போனில் அப்பா சொல்வது கதவு வழியாக அரைகுறையாகக் கேட்டது. "வந்துடுவேன்னு சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சொல்லித்தான் இப்படி ஆச்சு. இன்னைக்குப் போய் லீவு கேட்கிறேன். கிடைச்ச பிறகு சொல்றேன்." எப்போதும் சொல்கிற 'வந்துடுவேன்' என்பதை விட இது அவளுக்குத் தேவலையாக இருந்தது.

முகம் கழுவி, இழுத்து, தூக்கி, திருப்பிக்கொண்டு வெளியே வந்தாள். வளைந்த கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மாமா குளியலறை வாசலிலேயே நின்றிருந்தார்.

"ரொம்ப நேரம் ஆச்சே. மாட்டிக்கிட்டியோன்னு பார்த்தேன்" என்றார்.

அவர் மேல் அப்பாவின் சட்டை. அம்மா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். உயரம் நல்ல உயரம் என்று அவரே சொன்னதற்கு அத்தாட்சியாக, சட்டை முழங்கால் வரை வந்தது. கைகள் இரண்டும் விரல்நுனியையும் தாண்டித் தொங்கின. இந்தக் கோலத்தில் கத்தரிக்கோல் எங்கே பிடிப்பது, ரிப்பன் எங்கே வெட்டுவது?

அவள் அவர் முன்னால் நின்று, சட்டைக் கையைப் பட்டையாக மடிக்க ஆரம்பித்தாள். பீரோவிலேயே கிடந்த சட்டையில் பூச்சி உருண்டை வாசனை அடித்தது. அப்பா இதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியதும், ஜன்னல் வழியாகக் கையாட்டியதும் ஞாபகம் வந்தது. ஒரு கையை முடித்து மறு கைக்குப் போனாள்.

"உங்கப்பன் இருக்கானே…" என்று மாமா ஆரம்பித்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாமா எச்சிலை விழுங்கினார். "நல்ல சட்டையாத்தான் வச்சிருக்கான்."

"அழுக்காக்காம திருப்பிக் கொண்டாந்து கொடுங்க மாமா. அப்பா வந்தா போடணும்."

'வந்தா' என்ற சொல்லைக் காதில் வாங்கிவிட்டு மாமா சும்மா இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. அன்று மடித்த கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

"துவைச்சு, அயர்ன் பண்ணியே கொண்டு வர்றேன்" என்றார்.