சன்னிசைடு விற்பனைக்கு

எங்கள் வீட்டுக் கேட்டில் 'சன்னிசைடு' என்று ஒரு போர்டு தொங்கியது. அந்தப் பெயரை வைத்த துரை மட்டும் என் கையில் அகப்பட்டால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவேன். மலைச்சரிவு, சுற்றிலும் யூகலிப்டஸ் மரம், தலைக்கு மேலே துருப்பிடித்த தகரம். வெயில் என்பது அந்தப் போர்டில் மட்டும்தான் இருந்தது. ஐப்பசி மழைக்கு அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து நனைவதற்கு வெளியிலேயே நின்றுவிடலாம்.

துரை சீமைக்குக் கப்பல் ஏறியபோது, தனக்குக் கார் ஓட்டிய என் வீட்டுக்காரர் மனுவேலுக்கு அந்த வீட்டைச் சல்லிசாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். கொடைக்கானலில் பங்களாக்காரி ஆகிவிட்டேன் என்று என் சொந்தக்காரிகளுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். ஒரே ஒரு மழைக்காலம் வந்து தங்கியிருந்தால் எரிச்சல் அணைந்திருக்கும். நான் மிஷன் பள்ளிக்கூடத்து போர்டிங்கில் மேட்ரன். பகலெல்லாம் அங்கே பிள்ளைகளின் ஈரத் துணி, வீட்டுக்கு வந்தால் ஈரச் சுவர்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் தை மாதத்தில் டாக்டரம்மா மனுவேல் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஜோசப்பின், இன்னொரு மழைக்காலம் இந்த ஈரத்துல இருந்தார்னா நான் பொறுப்பில்ல. கீழே இறங்கிடுங்க" என்றார். கீழே, அய்யம்பாளையத்தில், என் தம்பி அடைக்கலம் ஒரு ஓட்டு வீட்டைப் பேசி வைத்திருந்தான். சன்னிசைடை விற்றால்தான் அது கைக்கு வரும். ஐப்பசிக்குள் விற்றாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்குப் புருஷன் இல்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

விற்கவிடாமல் அடித்தது வேறு யாருமில்லை, அந்தப் புருஷன்தான். மதுரையிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். இவர் அவர் கையைப் பிடித்து அறை அறையாகக் கூட்டிப்போய், "இது சாரலுக்கே ஒழுகும் சார். அந்த மூலை ஒழுகணும்னா அடைமழை வேணும். இந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்க, எப்படிக் குளுகுளுன்னு கெடக்கு" என்று ஏதோ பெற்ற பிள்ளைகளை அறிமுகம் செய்கிற மாதிரி காட்டினார். வக்கீல் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

"ஏங்க, உங்களுக்கு மூளை கீளை இருக்கா?" என்று கத்தினேன்.

"வாங்குறவன் பாவமில்லையா, புள்ள?" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. நான் வெந்நீர் எடுக்க ஓடினேன்.

சித்திரை சீசனில் தரகர் திருமலைச்சாமி இன்னொரு ஆளைப் பிடித்துக் கொண்டுவந்தார். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் பொன்னுவேல், அவர் சம்சாரம் சுந்தராம்பாள். வெயில் காலத்துக்கு மலையில் ஒரு வீடு வேண்டுமாம். அவர்கள் வருவதற்கு முந்தின வாரமே நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். பாசி படிந்த மூலைக்கு முன்னால் பீரோவை நகர்த்தினேன். அதற்கும் அடங்காத கறையின் மேல் இயேசுவின் திருஇருதயப் படத்தை மாட்டினேன். ஒழுகலுக்கு வைக்கிற பாத்திரங்களையெல்லாம் அலமாரியில் அழகாக அடுக்கி, ஏதோ விருந்துக்கு எடுத்து வைத்தது போலக் காட்டினேன். துரைசாணி விட்டுப்போன பூப்போட்ட சூப் பாத்திரம் நடுவில்.

மனுவேலிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "இன்னைக்கு நீங்க வாயே திறக்கக் கூடாது. இருமணும்னா மட்டும் திறங்க."

காலையில் வானம் துடைத்து வைத்தது போலிருந்தது. பொன்னுவேல் நல்ல வெள்ளைக்காரத்தனமான வீடு என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டே சுற்றி வந்தார். சுந்தராம்பாள் அதிகம் பேசவில்லை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். கணப்பு அடுப்பைப் பார்த்து மட்டும், "வீட்டுக்கு நடுவுல அடுப்பா?" என்று சிரித்தாள். மனுவேல் நாற்காலியில் உட்கார்ந்து பொம்மை மாதிரி தலையாட்டினார். எல்லோருக்கும் காபி கொடுத்தேன். தோட்டத்துப் பிளம்ஸ் மரம் எப்படிக் காய்க்கும், பழத்தை எப்படி ஜாம் காய்ச்சலாம் என்று அளந்துகொண்டிருந்தேன்.

அப்போது வட்டக்கானல் பக்கமிருந்து மேகம் ஏறியது. கோடை மழை சொல்லிக்கொண்டா வரும்? தகரத்தின் மேல் முதல் துளி விழுந்தது.

ஜாமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். வாய் பாட்டுக்குப் பேசியது, கை பாட்டுக்கு வேலை செய்தது. மனுவேலின் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் இழுத்துவிட்டு, அலமாரியைத் திறந்து சூப் பாத்திரத்தைக் கூடத்தின் நடுவில் வைத்தேன். பிஸ்கட் டின்னை வாசல்படியில் வைத்தேன். "அம்மா, கொஞ்சம் எந்திரிங்க" என்று சுந்தராம்பாளை எழுப்பி, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் பீங்கான் பேசினை வைத்தேன். "சர்க்கரை குறைஞ்சா பூஞ்சை பிடிச்சிரும் பாத்துக்கிடுங்க" என்றேன்.

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு நீர் கூரையிலிருந்து இறங்கி, சூப் பாத்திரத்தின் நட்டநடுவில் டங்கென்று விழுந்தது.

"ஆத்தாடி! ஒழுகுறதுக்கு முன்னாடியே பாத்திரம் வந்துருச்சே!" என்றார் பொன்னுவேல்.

மனுவேல் சிரிக்க ஆரம்பித்தார். "என் வாயைத்தான் கட்டுன, உன் கையைக் கட்ட மறந்துட்டியே, புள்ள" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், மனுஷன் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மடங்கிப்போனார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "ஆமா, ஒழுகும்! எல்லா இடமும் ஒழுகும்! பிடிச்சா வாங்குங்க, இல்லைன்னா உங்க சோலியைப் பாத்துக்கிட்டு இறங்குங்க!" என்று கத்திவிட்டு அடுக்களைக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். அவமானத்தில் இல்லை, பயத்தில்.

சுந்தராம்பாள் பின்னாலேயே வந்தாள். "அண்ணனுக்கு எத்தனை நாளா இப்படி இருமல்?" என்று கேட்டாள். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அவள் என் முதுகில் கை வைத்தாள். 

மழை விட்டதும் பொன்னுவேல் கிளம்பினார். பெரிய மனுஷர், கோபப்படவில்லை. "எங்க வீட்டுல எதையும் நாங்களா முடிவு பண்றதில்லைங்க. முருகன்கிட்ட பூ வச்சுக் கேப்போம். ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பூ, ஒண்ணுல சிவப்பு. பூசாரி எடுக்கிறது வெள்ளைன்னா சரி, சிவப்புன்னா வேணாம். ஆடி கழியட்டும், கேட்டுச் சொல்றேன்" என்றார்.

அவர்கள் போனதும் நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஒழுகுற வீட்டை வாங்குன்னு எந்தச் சாமி சொல்லும்?"

"நீ நம்ம சலேத் மாதா கோயில்ல ஒரு மெழுகுவத்தி வை. மாதா முருகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார் மனுவேல். கிண்டல்தான். ஆனாலும் நான் போய் வைத்தேன்.

ஆனி, ஆடி இரண்டு மாதமும் சாரல். வேறு யாரும் வீடு பார்க்க வரவில்லை. அவர் இருமும்போது நான் காலண்டரைப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் ஒரு நாள் வெள்ளனே, பொன்னுவேலின் குரல் கேட்டுக்கு வெளியிலிருந்தே கேட்டது. "வெள்ளைங்க! வெள்ளைப் பூ! எனக்கே நம்ப முடியல!" தகரம் மாற்ற ஆகிற செலவைக் கழித்துக்கொண்டு வாங்கிக்கொள்கிறேன் என்றார். நான் பேரம் பேசவில்லை. நான் பேரம் பேசாமல் விட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

பத்திரம் பதிந்த பிறகு, சாவி கொடுக்கிற அன்று சுந்தராம்பாளும் வந்திருந்தாள். லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. சூப் பாத்திரத்தை அவளிடமே கொடுத்தேன். கூரை மாற்றுகிற வரைக்கும் தேவைப்படுமே.

"உங்க முருகனுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன், தாயி" என்றேன்.

அவள் புருஷன் இருக்கும் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பொட்டலம் கட்டுனது நான்தான்க்கா. ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயையோ! சாமியையா ஏமாத்துனீங்க?"

"அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். எத்தனை வருஷமா கும்பிடுறேன், இதுக்குக் கோவிச்சுக்கிடுவாரா?" என்றாள். "கூரையைக் காசு போட்டா மாத்திறலாம். அன்னைக்கு மழைச் சத்தம் கேட்டதும் முதல்ல எதை நகர்த்துனீங்க, ஞாபகம் இருக்கா?"

"இந்தச் சூப் பாத்திரம்."

"இல்லைக்கா. அண்ணன் நாற்காலியை. என்னைய எழுப்புனதுகூடக் கடைசியாத்தான்."

எனக்கு அப்படி ஞாபகமே இல்லை. அதற்குள் லாரிக்காரர், "வெரசா ஏறுங்கம்மா, பனி இறங்கிரும்" என்று சத்தம் போட்டார். அவள் கையை ஒரு தரம் இறுகப் பிடித்துவிட்டு ஏறிக்கொண்டேன். வத்தலக்குண்டு வரைக்கும் என்னால் பேச முடியவில்லை. நான் பேசாமல் வருவதைப் பார்த்து மனுவேல் பயந்தே போனார்.

அய்யம்பாளையத்திலும் ஐப்பசி வந்தது. அவர் இருமல் பாதியாகக் குறைந்திருந்தது. ஒரு மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டின் மேல் சடசடவென்று மழை விழுந்தது. நிமிர்ந்து பார்த்தபோது என் கை அவர் நாற்காலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"இங்க ஒழுகாது, புள்ள" என்றார்.

"தெரியும். காலைத் தூக்குங்க" என்றேன்.