பின்சக்கரத்துக்கு நாற்பது

வணிகவரி செக்போஸ்ட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவன் நான். வைக்கோல் லாரி வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று நீளக் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பேன். கம்பியில் வைக்கோல் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தக் கம்பியையே சந்தேகப்படுவேன். ஓய்வு பெற்ற பிறகு லாரிகள் எனக்காக நிற்பதில்லை. ஆகவே கடலூரில் கண்ணில் பட்ட மனிதர்களை நிறுத்த ஆரம்பித்தேன். எங்கள் தெருப் பால்காரர் என் வாசலுக்கு வந்தால் மட்டும் கை நடுங்கி ஒரு ஆழாக்கு ஜாஸ்தியாக ஊற்றிவிட்டுப் போவார். அப்படிப்பட்ட இந்த இன்னாசிராஜையே ஒருவன் ஏமாற்றினான் என்றால் அவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2010-ல் எங்களுக்கு ஒரு கார் கிளப் இருந்தது. இறால் தீவனம் விற்கும் பொன்னுரங்கம் அதன் செயலாளர். சிதம்பரத்திலிருந்து கிள்ளை போகிற பாதையில் மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையில், நெல் காயவைக்கும் சிமெண்டுக் களத்தை அவர் பிடித்துக் கொடுத்திருந்தார். ஒரு மூலையில் மழை பெய்தால் மறுமூலையில் வெயிலடிக்கும், அவ்வளவு பெரிய களம். அங்கே பிளாஸ்டிக் குடங்களைக் கோணல்மாணலாக வரிசை வைத்து, அவற்றுக்கு நடுவே ஒவ்வொரு காராக வளைந்து வளைந்து ஓட வேண்டும். யாரும் யாரையும் முந்துவதில்லை. குறைந்த நேரத்தில் முடித்தவர் முதலில் வருவார். குடம் சாய்ந்தால் தண்டமாக இரண்டு வினாடி கூடும். இதற்கு ஆட்டோகிராஸ் என்று பெயர். என் மனைவி ஆரோக்கிய ராணி வைத்த பெயர், குடத்தைச் சுற்றுவது.

என் வண்டி ஒரு பழைய மாருதி ஜென். தீப்பெட்டி அளவுதான் இருக்கும், ஆனால் ஏறி உட்கார்ந்தால் எனக்கு இருபத்தைந்து வயது. அதை ஓட்டிப் போன போட்டியெல்லாம் நான்தான் கடைசி. போன தடவை எனக்கு முன்னால் வந்தவர் வண்டிக்கு ஒரு கதவே கிடையாது.

ராணி அதுவரை பொறுத்தது பெரிது. அவள் தம்பி டோனிக்கு மஞ்சக்குப்பத்தில் டயர் கடை. டோனியின் மகள் ஆரோக்கிய அனிதா சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் வேலைக்குச் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்தும் ஓட்ட வண்டியில்லாமல், தினம் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள்.

“புள்ள தெனம் படிக்கட்டுல தொங்கிக்கிட்டுப் போவுது. நீங்க ஞாயித்துக்கெழமையானா குடத்தச் சுத்துறீங்க. இந்தத் தடவ முன்பாதியில வரலைன்னா வண்டி அனிதாவுக்கு. சொல்லிட்டேன்” என்றாள் ராணி.

அவள் சொன்னால் அரசாணை மாதிரி. மேல்முறையீடு கிடையாது. ஜென்னை இழப்பது எனக்குக் கையை இழப்பது போல. கையாவது இரண்டு இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். எனக்கு டயர் விஷயத்தில் யோசனை சொல்லும் ஒரே ஆள் மச்சான் டோனி. நான் தோற்றால் வண்டி போகப்போவது அதே டோனி வீட்டுக்கு. திருடன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பூட்டு நன்றாக இருக்கிறதா என்று அவனிடமே கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

ராணி தீர்ப்புச் சொன்ன மறுநாளே அவன் நான்கு டயர்களோடு வந்து இறங்கினான். என் வண்டியில் இருந்தவை ஒல்லியான பழைய டயர்கள், கருங்கல் மாதிரி இறுகிப் போனவை. இவன் கொண்டுவந்தவை கொஞ்சம் அகலமானவை, நகத்தால் அழுத்தினால் பதிகிற மிருதுவான ரப்பர். ஆனால் பாதி தேய்ந்தவை. ஏன் புதுசு கொண்டுவரவில்லை என்று கேட்டேன். புது டயரில் பட்டன், அதாவது தரையில் படுகிற ரப்பர்க் கட்டை, உயரமாக இருக்கும், வேகமாகத் திருப்பும்போது அது நெளியும், பாதி தேய்ந்ததுதான் சிமெண்டுத் தரையைக் கவ்விப் பிடிக்கும் என்றான். காசு எதுவும் வேண்டாம் என்றும் சொன்னான்.

காசு வேண்டாம் என்றதும் என் காது நிமிர்ந்துவிட்டது. டோனி சொந்த அக்காவுக்கே பஞ்சருக்குக் காசு வாங்குகிறவன். டயர்களை மோந்து பார்த்தேன். சக்கரத்தில் மாட்டி, ராணியின் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. எவ்வளவு கவனமாகத் தயார் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். சிதம்பரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு டயர் கடையில் விசாரித்தேன். அந்த ஆளும் பாதி தேய்ந்த மிருதுவான டயர்தான் நல்லது என்று வார்த்தை பிசகாமல் சொன்னார். டோனி எனக்கு முன்னாலேயே போன் போட்டுவிட்டான் என்பது அப்போது ஊர்ஜிதமாகிவிட்டது.

அடுத்தது காற்று. பெட்ரோல் பங்க்கில் எல்லாருக்கும் எல்லா வண்டிக்கும் இருபத்தெட்டு பவுண்டு வைப்பார்கள், நானும் அதையே பூசை மந்திரம் போல வைத்துவந்தேன். டோனியோ முன்சக்கரத்துக்கு முப்பத்தாறு, பின்சக்கரத்துக்கு நாற்பது என்றான்.

“முன்னாடி ஜாஸ்தி வெச்சாதான் திருப்பச் சொல்ல டயரு பக்கவாட்டுல மடங்காது. பின்னாடி இன்னும் ஜாஸ்தி வெச்சா பின்பக்கம் லேசா வழுக்கும். வண்டி சட்டுனு மூக்கத் திருப்பும் மாமா.”

வழுக்கும் என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டதைக் கவனியுங்கள். நான் வண்டியோடு வழுக்கிப் போய்ப் பிச்சாவரம் சதுப்புக்காட்டு வேரில் மாட்டித் தொங்குவது எனக்கு அப்போதே தெரிந்தது. சரி மச்சான் என்று தலையாட்டிவிட்டு, பங்க்குக்குப் போய் நான்குக்கும் இருபத்தெட்டே வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு கார்கள் வந்திருந்தன. ஆளுக்கு இரண்டு ஓட்டம், நல்லதாக அமைந்த ஒன்று கணக்கு. நான் ஆறாவதுக்குள் வரவேண்டும். ராணி குடையும் சாப்பாட்டுத் தூக்குமாக ஆலைச் சுவரோரம் நீதிபதி போல உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் அனிதா. அந்தப் பெண் காரைப் பார்த்த பார்வையில் ஆசை தெரிந்தது. நல்ல பெண்தான், ஆனாலும் எதிர்க்கட்சி.

நான் கிளம்பும் நேரத்தில் டோனி குனிந்து, முன்டயர்களின் ஓரத்தில் வெள்ளைப் பவுடரைப் பூசினான். டயருக்கும் டியூபுக்கும் நடுவே தூவுகிற பவுடர்தானாம். டயர் எவ்வளவு தூரம் மடங்குகிறது என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாமாம். வழுக்க வைக்கிற சரக்கோ என்று ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ருசி ஒன்றுமில்லை. நல்ல சதிகாரன் ருசியில்லாததைத்தான் தேர்ந்தெடுப்பான்.

முதல் ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நான் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினேன். வண்டி அதைக் கேட்டுக்கொண்டு நேராகப் போயிற்று. டயர்கள் போட்ட ஓலத்தில் கிள்ளைக் கொக்குகள் இலங்கைக்குப் பறந்திருக்கும். மூன்று குடங்கள் என் முகப்பில் ஏறி ஊர்வலம் வந்தன. ஒன்பதாவது இடம்.

டோனி முன்டயரைக் காட்டினான். ஓரத்தில் பூசிய பவுடர் பக்கவாட்டில் இருந்த எழுத்து வரைக்கும் துடைத்தாற்போல அழிந்திருந்தது. காற்று போதாமல் டயர் மடங்கி, பக்கவாட்டாலேயே ஓடியிருக்கிறது என்றான். டயர் உன்னுடையதுதானே என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு களத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ராணியின் குடையைப் பார்த்தான். பிறகு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“யோசிச்சுப் பாத்தேன் மாமா. நீங்க வெச்சதுதான் சரி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். இன்னும் கொஞ்சம் கொறச்சிடுங்க. நாலுக்கும் இருபத்திநாலு வெச்சிட்டுப் போங்க, ஆறாவதுக்குள்ள வந்துடுவீங்க.”

செக்போஸ்ட்டில் நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம் இதுதான். டிரைவர் முதலில் உளறுவது உண்மையாக இருக்கும். பத்து நிமிஷம் கழித்து வந்து நிதானமாகத் திருத்திச் சொல்வது முதலாளி சொல்லிக்கொடுத்ததாக இருக்கும். டோனி முதல் தடவை வாய்தவறி நிஜத்தைச் சொல்லிவிட்டான். இப்போது அது கைவிட்டுப் போய்விட்டதே என்று மாற்றுகிறான். வண்டியில் இருந்த மிதிபம்பை எடுத்தேன். முன்னால் முப்பத்தாறு வரும்வரை மிதித்தேன்.

டோனி பதறினான். வேண்டாம் மாமா, சொன்னால் கேளுங்கள் என்று என் கையைப் பிடித்தான். அவன் கெஞ்சக் கெஞ்ச நான் மிதித்தேன். பின்சக்கரம் நாற்பதைத் தொட்டபோது என் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிரம்பியிருக்கும். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோற்றுவிட்டான் பயல் என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

இரண்டாவது ஓட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். முதல் வளைவில் மூக்கு உள்ளே போயிற்று. பின்பக்கம் லேசாக வழுக்கி, கல்யாண வீட்டில் பந்திக்கு இடம்பிடிக்கிற ஆள் மாதிரி இடுப்பை ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. அடுத்த வளைவை நான் மனதில் நினைத்தேன், வண்டி திரும்பிவிட்டது. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குடம் ஆடியது. விழலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு நின்றுகொண்டது. பொன்னுரங்கம் கடிகாரத்தை இரண்டு தடவை காதில் வைத்துப் பார்த்துவிட்டு, நான்காவது இடம் என்றார்.

ராணி குடையை மடக்கினாள். சரி, வண்டி உங்களோடதுதான் என்று சொன்னாள். அனிதா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் டோனியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தான். முகம் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி இருந்தது.

என் கண்ணில் பட்டபிறகு அது தப்ப முடியுமா. அவன் தோளைப் பிடித்து உமிக் குவியலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

“நான் ஜெயிச்சா உன் பொண்ணுக்கு வண்டி இல்ல மச்சான். நீ எதுக்குடா சந்தோஷமா சிலுவை போட்டுக்கிற?”

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“நொறுங்கின வண்டிலேர்ந்து டயர மட்டும் கழட்டி என் கடைக்கு எடுத்தாராங்க மாமா. இது இன்னும் ஓடுமான்னு கேக்குறாங்க. சிலதுல பூசைக்கு வெச்ச குங்குமம் கூட அப்படியே இருக்குது. அந்தச் சிதம்பரம் ரோட்டுல என் பொண்ணு தனியா ஓட்டிக்கிட்டுப் போவணுமா? அக்கா ஆசையா குடுக்குறேங்குது, அனிதா அதுக்கு மேல ஆசைப்படுது. வேணாம்னு நான் எந்த வாயால சொல்றது? நீங்க ஜெயிச்சாத்தான் உண்டு.”

“அப்ப இருபத்திநாலுன்னு சொன்னியே?”

“உங்களுக்கு வேற எப்படித்தான் சொல்றது?”

நான் உமிக் குவியல் சரிகிற அளவுக்குச் சிரித்தேன். என் சர்வீஸில் எத்தனை லாரி முதலாளிகள் முயற்சி செய்து முடியாததை ஒரு டயர் கடைக்காரன் செய்துவிட்டான். எனக்கு அவன்மேல் மரியாதையே வந்துவிட்டது. கட்டிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கிழட்டு ஆண்கள் சேர்ந்து ஒரு பெண்ணின் காரைப் பறித்துவிட்டோம் என்பது அந்த நேரத்தில் இருவருக்கும் உறைக்கவில்லை.

வண்டிக்கு வந்தோம். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கிளப்பினேன். டோனி பக்கத்தில் ஏறி, பாட்டு வரவில்லையே என்று ரேடியோவைத் திருகினான். ராணி பின்னால் ஏறினாள். அனிதா மட்டும் ஏறவில்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டயர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எறங்குங்க மாமா. இந்தக் காத்தோடவா ரோட்டுக்குப் போறீங்க?”

அவள் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பேசுகிற மாதிரிதான் சொன்னாள்.

“வழுக்கணும்னுதானே பின்னாடி நாப்பது வெச்சீங்க? களத்துல வழுக்கினா குடம் சாயும். ரோட்டுல எதிர்த்தாப்புல பஸ் வர்றப்ப வழுக்கினா?”

நானும் டோனியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ரோட்டை நினைத்துத் தூக்கம் கெட்டவன் சீட் பெல்ட் கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தான். அவசரமாக இறங்கிப் போய்க் காற்றைத் திறந்துவிடக் குனிந்தான். அனிதா அவன் கையைத் தடுத்தாள். டயர் சூடாக இருக்கிறது, சூட்டில் அளந்தால் ஜாஸ்தியாகத்தான் காட்டும், அதை நம்பி இறக்கினால் ஆறினபிறகு குறைந்துவிடும் என்றாள். முதலில் ஆறட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுவர் நிழலில் உட்கார்ந்துகொண்டாள்.

மற்ற கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. பொன்னுரங்கம் குடங்களை அடுக்கிக் கயிற்றால் கட்டிக்கொண்டு, வண்டி கிளம்பவில்லையா என்று கேட்டார். டயர் ஆறுவதற்குக் காத்திருக்கிறோம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

வெகுநேரம் கழித்து அனிதா எழுந்தாள். கதவு ஓரத்தில் ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டில் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று என்று போட்டிருப்பதைக் குனிந்து படித்தாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சீட்டு இருந்ததே எனக்குத் தெரியாது. டோனியின் காற்று மீட்டரை வாங்கி, காற்றைப் புஸ் புஸ்ஸென்று கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் இரண்டு தடவை அளந்தாள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் அளந்தாள். அதில் காற்றே இல்லை. டயர் கடைக்காரர் வீட்டு உறவில் ஓடுகிற வண்டி அது. அவளே பம்பை எடுத்து மிதித்தாள்.

டோனி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

“சாவிய அவகிட்ட குடுங்க மாமா.”

ஜெயித்தவன் நான். ராணி தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. சட்டப்படி அந்தச் சாவியை யாரும் என்னிடமிருந்து வாங்க முடியாது. அனிதாவை மேலும் கீழும் பார்த்தேன். அன்றைக்கு அந்தக் களத்தில் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தாலும் மறைத்த சரக்கு எதுவும் அகப்படாத ஒரே ஆள் அவள்தான் என்று பட்டது. கொடுத்துவிட்டேன். கொடுத்த கை கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லவில்லை.

புதுச்சத்திரம் வரைக்கும் டோனி தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான். தரையில் ஓட்டை விழுந்துவிடும் என்று பயந்தேன். எதிரே பஸ் வந்தபோதெல்லாம் அனிதா ஒதுங்கி வழிவிட்டாள். ஆலப்பாக்கம் தாண்டும்போது அவன் கால் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான்.

அந்தத் திங்கட்கிழமை முதல் ஜென் கல்லூரிக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு. என் வீட்டில் அது நின்ற இடத்தில் ராணி துணி காயப்போட ஆரம்பித்தாள். ஆனால் ஒரு விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. தன் தீர்ப்பு தன் கண்ணெதிரே மாறியபோது அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பின்சீட்டில் நகர்ந்து எனக்கு இடம் விட்டுவிட்டு, ஜன்னல் வழியாக உப்பளத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். உனக்கு எல்லாம் முதலிலேயே தெரியுமா என்று கேட்டுப் பார்த்தேன். சாப்பாடு வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிறாள். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.