கமலாசனி தெரிந்தெடுத்த ஆள்

கனடாவில் இருக்கும் நிரஞ்சன் ஊருக்கு ஏதாவது செய்ய நினைத்தால் நேரே யாருக்கும் அனுப்ப மாட்டான். தர்மபுரத்தில் இருக்கும் அக்கா கமலாசனிக்குத்தான் போன் எடுப்பான். "அக்கா, உண்மையாக் கஷ்டப்படுற ஆளாப் பாத்துச் சொல்லு" என்பான். அந்த 'உண்மையா' என்ற ஒரு சொல்லில்தான் கமலாசனியின் செல்வாக்கு முழுவதும் தங்கியிருந்தது.

அவள் ஆள் பார்க்கிற விதமே தனி. சொல்லாமல் கொள்ளாமல், சமையல் நேரம் பார்த்துப் போய் நிற்பாள். தண்ணீர் கேட்டுக்கொண்டு குசினிக்குள் நுழைந்து சட்டி மூடியைத் திறந்து பார்ப்பாள். முற்றத்தில் கோழி எலும்பு கிடந்தால் அந்தக் குடும்பம் தள்ளுபடி. பிள்ளையின் கையில் பெரிய போன் இருந்தாலும் தள்ளுபடி. ஒருமுறை கோழிக்கூடு கேட்டு வந்த விதவை ஒருத்தியின் தோட்டைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தில் பிடித்து, கவரிங்தான் என்று உறுதி செய்த பிறகே ஓம் என்றாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றதைக் கண்டு கமலாசனிக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒளிக்க ஏதுமில்லாதவர்கள் காட்டுவதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்? "கமலாசனி அக்காவை ஏய்க்கேலாது" என்று ஊர் சொல்வது அவள் காதிலும் விழும். கேட்க இனிப்பாக இருக்கும்.

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்குச் சக்கர நாற்காலி ஒன்று கொடுப்பதென்று நிரஞ்சன் சொன்னபோது அவள் மூக்கனைத் தெரிந்தெடுத்தாள்.

மூக்கன் சந்தைக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயில் வாசலில் பிச்சை எடுப்பவர். எழுபத்தேழாம் ஆண்டு இனக் கலவரத்தில் தாய் தகப்பனோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்து இங்கே கரையேறியவர். கிணறு வெட்டு, வயல் கூலி என்று திரிந்த மனிதனுக்குக் கடைசிச் சண்டையில் ஷெல் துண்டு முதுகெலும்பில் பாய்ந்தது. கால்கள் இருந்தன, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. டயர் துண்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளிலும் செருப்பை மாட்டிக்கொண்டு, நிலத்தை உந்தி உந்தி நகர்வார். மனைவி மாரியாயி காலையில் அவரைக் கோயிலடியில் விட்டுவிட்டுக் களை பிடுங்கப் போவாள். பொழுது சாயும் முன் வந்து கூட்டிப்போவாள்.

கமலாசனி அவர்கள் குடிசைக்கும் போனாள். சட்டியில் முருங்கையிலைச் சுண்டலும் தண்ணீர்ச் சோறும் இருந்தன. அது போதாதென்று அவள் குந்தியிருந்து, மூக்கனின் சாரத்தை முழங்கால் வரை விலக்கி, கெண்டைக்காலை நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார், கிள்ளியதே தெரியவில்லை.

"ஓம், உமக்குத் தரலாம்" என்றாள்.

திவசத்தன்று நாற்காலிக்கு மாலை போட்டார்கள். மூக்கனைத் தூக்கி இருத்தி, அப்பாவின் படத்தை மடியில் வைத்து, வீடியோ எடுத்தார்கள். "நிரஞ்சன் ஐயா நல்லா இருக்கணும்" என்று மூக்கன் சொன்னது சரியாகப் பதியவில்லை என்று இன்னொரு தரம் சொல்ல வைத்தார்கள். கனடாவில் அதைப் பார்த்துப் பலர் அழுதார்களாம். நிரஞ்சன் போனில் சொன்னபோது கமலாசனிக்கும் கண் கலங்கியது.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போனபோது மூக்கன் பழையபடி நிலத்தில் இருந்தார். அதே டயர் துண்டு, கையில் அதே செருப்பு.

"எங்க வீல்செயார்?" என்றாள்.

மூக்கனின் முகம் கறுத்துப் போனது. "பழுதாப் போச்சும்மா. சில்லு சுத்துது இல்ல."

"இவ்வளவு கெதியாவோ? எங்க, காட்டும் பாப்பம்."

"வீட்டுல கெடக்குதும்மா."

கமலாசனி நம்பவில்லை. நம்பாமல் இருப்பதுதான் அவளுக்குக் கைவந்த வேலை. கோயில் வேலியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பூவரச மரத்துக்குப் பின்னால் பார்த்தாள். உரப்பைகளைத் தைத்துப் போர்த்தியபடி நாற்காலி நின்றது. பையை இழுத்தெறிந்தாள். சில்லில் ஒரு கீறல்கூட இல்லை. அவளே அதை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம்.

"உதென்ன, சொல்லு!" 'நீர்' அந்த இடத்திலேயே 'நீ' ஆகிவிட்டது. "என்ர தம்பி குளிருக்குள்ள நிண்டு உழைச்சு அனுப்பினது. நீ பத்தைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டு நடிக்கிறாய் என்ன?"

"நடிக்கலம்மா." மூக்கன் இரண்டு கைகளையும் கூப்பினார், கையில் செருப்பு மாட்டியிருந்ததால் செருப்புகள்தான் ஒன்றையொன்று தொட்டன. "வண்டியில இருந்தா யாரும் போடுறாங்க இல்லம்மா. வசதியா இருக்கிறான்னு நினைச்சுப் போயிர்றாங்க. ஒரு கிழமையா வெறுங்கையோட போனேன். கீழ இருந்தாத்தான் கண்ணுல படுறேன். வீட்டுக்குப் போறப்ப வண்டியிலதாம்மா போறேன். அவதான் தள்ளிட்டுப் போறா. பொய் சொன்னது தப்புத்தான். மன்னிச்சுக்குங்க."

அவர் சொன்னதில் பிழை இல்லை என்பது கமலாசனிக்கு விளங்கியது. ஆனால் சுற்றி ஆட்கள் நின்றார்கள். ஏய்க்க ஏலாத கமலாசனி அக்கா ஏமாந்து நிற்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவளைச் சுட்டது.

சந்தியில் ஆட்டோ ஓட்டும் சதீசைக் கூப்பிட்டு நாற்காலியை மடித்து ஏற்றச் சொன்னாள். மூக்கன் அது ஆட்டோவுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகிற வழியில் சதீஸ் கேட்டான்: "அக்கா, உண்மையிலயே ஏலாத மனிசன் எண்டா உப்பிடிக் கதிரையை விட்டிட்டு நிலத்தில கிடப்பானே? எனக்கெண்டா அவன்ர கால்லயே சந்தேகமாக் கிடக்கு."

நகத்தால் கிள்ளியது கமலாசனிக்கு நினைவு வந்தது. இருந்தாலும் வாய் வேறு சொன்னது. "ஆருக்குத் தெரியும்" என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. அந்தச் சொல் சதீசோடு சந்தியில் போய் இறங்கும்போது வேறாகிவிட்டது. இரவில் மூக்கன் எழும்பி நடக்கிறான் என்று அடுத்த நாள் பேசினார்கள். குளத்தடியில் நின்று மீன் பிடித்ததைக் கண்டதாகவும் ஒருவன் சொன்னான். கமலாசனி அக்காவே சொல்லிப்போட்டா என்ற பிறகு அதற்கு மேல் விசாரணை ஏது? கோயில் வாசலில் சில்லறை விழுவது நின்றது. சிலர் துப்பிவிட்டும் போனார்கள்.

வீட்டில் கணவர் யோகநாதன் மட்டும் ஒரு தரம் கேட்டார். "குடுத்தாப் பிறகு அது அவரின்ர சாமானெல்லே? அவர் அதில இருந்தா என்ன, விட்டா என்ன?"

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது" என்றாள்.

நாற்காலியைப் பள்ளிக்கூட அதிபராக இருந்து இளைப்பாறிய ராஜரத்தினத்துக்குக் கொடுத்தாள். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவர். இரண்டு மகன்மார் பிரான்சில். வீடியோவில் அவர் ஒரே தடவையில் தெளிவாக நன்றி சொன்னார்.

ஒரு காலை மாரியாயி வந்து கேற்றுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அம்மா, வண்டிக்கு வரலீங்க. ஒரு வார்த்தைக்கு வந்தேன். அவருக்கு மெய்யாவே கால் விளங்காதுன்னு நாலு பேருக்கு முன்னால சொல்லிருங்கம்மா."

"நான் அவர் நடக்கிறார் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லையே."

"சொல்லலைங்கம்மா. ஆனா நீங்க சொன்னா நம்புவாங்க. நாங்க சொன்னா யார் கேக்கிறா?"

கமலாசனி கேற்றுக் கம்பியில் ஒட்டியிருந்த துருவைச் சுரண்டினாள். ஊர்க் கதையை மறுத்துச் சொன்னால் அன்று கோயிலடியில் போட்ட சத்தத்துக்கு என்ன அர்த்தம்? "பாப்பம்" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் கோயிலுக்குப் போனாள். அது பொய்யில்லை. ஆனால் அவள் போய்ச் சேரும்போது சதீசும் இன்னும் இரண்டு ஆட்டோக்காரரும் மூக்கனைச் சுற்றி நின்றார்கள். மூக்கன் தலையை நிமிர்த்திச் சதீசோடு கதைத்துக்கொண்டிருந்தார். பழைய முதலாளிமாரோடு கதைப்பதுபோல அவ்வளவு பணிவு. சதீசின் கையில் எரிகிற சிகரெட் இருந்தது. அவன் செருப்பு வாரைச் சரி செய்கிறவன்போலக் குனிந்தான்.

கமலாசனி எதிர்க் கடை வாசலில் நின்றாள். அவன் என்ன செய்யப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. 'டேய் சதீஸ்' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். அவன் அவளுக்குப் பயந்தவன். குரல் தொண்டை வரைக்கும் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. ஒருவேளை கால் துடித்துவிட்டால்? அப்படித் துடித்தால் அவள் செய்தது எல்லாம் சரியாகிவிடும். நாற்காலியைப் பறித்தது சரி, கத்தியது சரி, ஊர் துப்பியது சரி. அவள் வாயைத் திறக்காமல் மூக்கனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சதீஸ் சிகரெட்டைக் கெண்டைக்காலில் வைத்து அழுத்தினான். உடனே எடுக்கவில்லை. கொஞ்சம் தள்ளி மறுபடியும் அழுத்தினான். மூக்கன் மழை எப்போது வரும் என்று பக்கத்தில் நின்றவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நாற்றம் மூக்கில் பட்டபோதுகூட, ஏதோ எரிகிறதே என்று சந்தைப் பக்கம்தான் திரும்பிப் பார்த்தார்.

சதீஸ் நிமிர்ந்து, கூட்டாளிகளோடு கடைப் பக்கம் ஒதுங்கி வந்து சிரித்தான். "பாத்தியே மச்சான், அசையிறானில்லை. நல்லாப் பழகி வச்சிருக்கிறான்!"

கமலாசனி அன்று கோயிலுக்குள் போகாமலே வீட்டுக்குத் திரும்பினாள். அர்ச்சனைத் தட்டு கையிலேயே இருந்தது.

உணர்வில்லாத காலில் வந்த புண்ணை மூக்கன் அறியவில்லை. மாரியாயி கண்டபோது ஈ மொய்த்திருந்தது. மஞ்சள் அரைத்துப் பூசினாள். கால் வீங்கி, கறுத்து, காய்ச்சல் வந்து மனிதன் பிதற்றத் தொடங்கிய பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தால்தான் ஆள் தப்பும் என்றார்கள். வெட்டினார்கள்.

மழைக்காலம் முடிய மூக்கன் திரும்பவும் கோயில் வாசலுக்கு வந்தார். சாரத்தை உயர்த்திச் சொருகி, வெட்டிய காலின் மொட்டை முனை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டியிருந்தார். இப்போது ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. துப்பியவர்கள் சோற்றுப் பார்சல் கொண்டு வந்தார்கள். மீன் பிடித்ததைக் கண்டவன் வேட்டி சால்வை கொடுத்தான். முதல் ஆளாக வந்து பெரிய காசுத் தாளாகப் போட்டவன் சதீஸ்தான். காலையும் மாலையும் காசு வாங்காமல் ஆட்டோவில் ஏற்றி இறக்குகிறவனும் அவனே. "பாவம் மனிசன்" என்று சவாரிக்கு வருகிற எல்லாரிடமும் சொன்னான். மூக்கன் அவனுக்கு நன்றி சொல்லும்போது கண்ணில் நீர் நிற்கும். எரித்தவன் யார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

யாரோ எடுத்துப் போட்ட வீடியோவைக் கண்டுவிட்டு நிரஞ்சன் போன் எடுத்தான்.

"அக்கா, இது நாங்கள் வீல்செயார் குடுத்த ஆளெல்லே? எங்க அது? ஏன் நிலத்தில இருக்கிறார்?"

"அது அவர் பாவிக்கேல்லையடா. வேற ஆளுக்கு மாத்திக் குடுத்திட்டன்."

"அப்ப இன்னொண்டு வாங்கிக் குடு. இப்பதானே அவருக்கு உண்மையாத் தேவை."

புதிய நாற்காலி வந்தது. கமலாசனி தானே அதை உருட்டிக்கொண்டு போனாள். இம்முறை மாலையும் இல்லை, வீடியோவும் இல்லை. வாசலில் அவளுக்கு முன்னால் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். மூக்கன் அவளைக் கண்டதும் வழக்கம்போலச் செருப்புக் கைகளைக் கூப்பினார். அந்த முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்து வந்தவள், கோபமே இல்லாத அந்தச் சிரிப்பைக் கண்டதும் பார்வையை நாற்காலிப் பக்கம் திருப்பினாள்.

"தம்பி அனுப்பினவன். இதில இருங்கோ" என்றாள். 'நீ' போய், 'நீர்' போய், 'இருங்கோ' என்று வந்தது.

"தம்பி ஐயா நல்லா இருக்கணும். வண்டி வேணாம்மா."

"இனி ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம். நான் பாத்துக்கொள்ளுறன்."

"அதுக்கில்லம்மா. வண்டியில இருந்தா சாரத்த இழுத்து விடணும். இது தெரியாமப் போயிரும்." மொட்டைக் காலை மெல்லத் தட்டினார். அதில் ஒரு குறையும் சொல்லவில்லை. கடைக்காரன் தன் கடையின் இடவசதியைச் சொல்வதுபோலச் சொன்னார். "ஆம்பிளையா நடந்து ஒழைச்சப்ப சம்பாதிச்சதை விட இப்ப கூடம்மா. மாரியாயியை வேலைக்கு அனுப்புறது இல்ல."

'அண்டைக்கு நான் நிண்டனான். பாத்துக்கொண்டு நிண்டனான்' என்று சொல்லிவிட வேண்டும்போலக் கமலாசனிக்கு இருந்தது. சொன்னால் சதீசின் ஆட்டோ நின்றுவிடும் என்றும் நினைத்தாள். அந்த நினைப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கைப்பையைத் திறந்து, கையில் அகப்பட்டதை எடுத்து அவர் முன்னால் விரித்திருந்த துணியில் போட்டாள்.

"நல்லா இருக்கணும் தாயே. புள்ளகுட்டியோட நூறு வருசம் நல்லா இருக்கணும்" என்றார் மூக்கன். அவளுக்கு முன்னால் போட்டவளுக்குச் சொன்ன அதே சொற்கள், அதே ராகம்.

அவள் இன்னும் நகரவில்லை. பின்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பெண் பொறுமை இழந்தாள்.

"அக்கா, கொஞ்சம் அங்கால தள்ளுங்கோ. நாங்களும் போட வேணும்."