எடைமேடையில் சாகும் கம்ப்யூட்டர்

டிரெய்லர் லாரி எடைமேடையில் ஏறியதும் கேட் கம்ப்யூட்டர் மறுபடி செத்தது. அதைச் சரிபார்க்க வந்திருந்த மென்பொருள் இன்ஜினியர் கரோலினுக்கு ரத்தம் கொதித்தது. எண்ணூர் சாலை வரை வண்டிகள் நின்றுகொண்டு ஹாரனை அலறவிட்டன.

"பீம்ராவ் அதுல போனை சொருகி சார்ஜ் போட்டுக் கெடுத்துட்டான்," என்றார் யார்டு மேனேஜர் பிராங்கிளின். அதைச் சொல்லியே, எட்டு வருடமாகக் கேட்டில் உட்கார்ந்து எடை பதிந்தவனை மூன்று நாளுக்கு முன் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். நாளை வேலைநீக்கக் கடிதம் போகும்.

"மூணு நாளா அவன் இங்க இல்ல சார். இன்னிக்குச் செத்துச்சே, யாரு சார்ஜ் போட்டது? நீங்களா?" என்றாள் கரோலின்.

கையில் சிக்கும் ஏழையின் தலையில் பழியைக் கட்டுவதுதான் இந்த ஊர் மேனேஜர்களுக்குத் தெரிந்த ஒரே ரிப்பேர்.

லேப்டாப்பை இணைத்து, கம்ப்யூட்டரை உள்ளிருந்து இயக்கும் கர்னல் என்ற மூல நிரல் கடைசியாகக் கக்கிய வரிகளைப் படித்தாள். போன வாரம் வந்த புது மிஷின். ஒரு நிரல் வேறிடத்துக்குத் தாவினால், இறங்கும் இடத்தில் அனுமதிக் குறி இருக்கிறதா என்று இதன் பிராசசர் பார்க்கும். இல்லையென்றால் திருடன் என்று முடிவுகட்டி, கர்னலையே நிறுத்திவிடும். எடையைப் படிக்கும் 'டிரைவர்' என்ற நிரல் துண்டில்தான் குறி இல்லை.

எந்த மடையன் எழுதியது? கோப்பைத் திறந்தாள். அவளே எழுதியது. இரண்டு வருடத்துக்கு முன், நிரலை ஒப்படைக்கும் நாளன்று, குறி இல்லை என்று எச்சரிக்கை வந்தது. பழைய மிஷின்களுக்கு அது தேவைப்படவில்லை. எச்சரிக்கையை அணைத்துவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

எட்டிப் பார்த்து, என்னவென்று கேட்டறிந்த பிராங்கிளின் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பாதுகாப்பை ஆஃப் பண்ணிடும்மா. உன் பேரு வெளிய வராது. அவன் கதை அவனோட போவட்டும்."

ஒரு நொடி அவள் யோசித்தாள். யோசித்ததற்காகத் தன் மீதே காறித் துப்பத் தோன்றியது.

குறியைச் சேர்த்து, டிரைவர் நிரலை மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றினாள். லாரி ஏறியது, எடை விழுந்தது. தவறு தன்னுடையது என்று தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பிவிட்டு, பீம்ராவைப் போனில் கூப்பிட்டாள்.

"மிஷினு சரியாச்சாக்கா? இனிமே போனே எட்த்தாரமாட்டேன்னு சார்கிட்ட சொல்லுக்கா."

"நீ ஒண்ணும் பண்ணலடா. தப்பு என்னுது."



"மூணு நாளா வூட்ல எல்லார்கிட்டயும் நான்தான் கெட்த்தேன்னு சொல்லிகினு கீறேன்க்கா."