சோகப்பாட்டுக்காரி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்த கையோடு சகாயவினோத் அனிட்டாவைக் குழுவிலிருந்து நீக்கினான்.

அது ‘தீவு எமோ’ என்ற வாட்ஸப் குழு. எமோ என்பது ஒருவகை ராக் இசை. கிதார் இரைச்சலுக்கு நடுவே, மனசுக்குள் வைத்துப் புழுங்குவதை வெட்கப்படாமல் பாடுவார்கள். பாட முடியாத இடத்தில் கத்துவார்கள். இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகள் கொஞ்சம் பேர், திருப்பாலைக்குடியிலிருந்து ஒருவன், இராமநாதபுரத்தில் கல்லூரி படிக்கிறவர்கள் சிலர் என்று சேர்ந்திருந்தார்கள். அட்மின் வினோத். பாம்பனில் வீடு, இராமேஸ்வரத்தில் செல்போன் சர்வீஸ் கடையில் வேலை.

டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் சுருண்டு கிடந்த வருஷத்தில்தான் இந்தப் பாட்டு அவனுக்கு அறிமுகமானது. எங்கேயோ ஒரு வெளிநாட்டு ஊரில் எவனோ ஒருத்தனும் இப்படித்தான் படுக்கையை விட்டு எழுந்திரிக்க மனசில்லாமல் கிடந்திருக்கிறான், அதைப் பாட்டாகவும் பாடியிருக்கிறான் என்று தெரிந்ததே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மெல்ல எழுந்தான். கிதார் கற்றுக்கொண்டான். நெற்றியில் முடியை இறக்கிவிட்டு, கறுப்புச் சட்டையும் கண்ணுக்கு மையுமாக நடமாட ஆரம்பித்தான்.

ஊர் சும்மா இருக்குமா? கஞ்சா கேஸ் என்றார்கள். மாதா கோயில் உபதேசியார் வீட்டுக்கே வந்து, அது சாத்தானுடைய பாட்டு என்று அவன் அம்மா ஜெபமாலையிடம் சொல்லிவிட்டுப் போனார். சித்தி மகன் ஒருவன் யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு, இந்தப் பாட்டைக் கேட்கிறவர்கள் கையைக் கிழித்துக்கொண்டு செத்துப்போவார்கள் என்றான். அதுதான் ஜெபமாலையின் நெஞ்சில் தங்கிவிட்டது. வினோத்துக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே ஆத்திரம் வரும். சோகத்தைப் பாடுகிறவன் சாகத் துடிக்கிறவன் இல்லை, பாடுவதால்தான் அவன் உயிரோடு இருக்கிறான் என்று குழுவில் நீளமாக எழுதிப் போட்டான். நிறையப் பேர் அதைத் தங்கள் ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் குழுவுக்குள் அவனும் ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தான். பழைய, பெயர் தெரியாத இசைக்குழுக்களைத் தேடிக் கேட்கிறவன் அசல். எல்லோருக்கும் தெரிந்த பாட்டைக் கேட்டுவிட்டு வருகிறவன் அரைகுறை. கறுப்பு உடுப்புக்காக வருகிறவன் போசர், அதாவது வேஷக்காரன். புதிதாக யார் சேர்ந்தாலும் கேள்வி கேட்டு மடக்குவான். அவனுடைய சிநேகிதன் காஜா நவாஸ் மட்டும் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை. நவாஸின் வாப்பா பாம்பனில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர். அந்தப் பட்டறையின் பின்பக்கம்தான் நவாஸ் டிரம்ஸ் போட்டு வைத்திருந்தான். அடிக்கிறதுக்கு நல்லாயிருந்தால் போதும், அதற்குப் பெயர் என்னவாக இருந்தால் தனக்கென்ன என்பான்.

அனிட்டா தங்கச்சிமடத்துப் பெண். இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை பட்டறைக்கு வந்து பாடுவாள். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், இவ்வளவு சிரிக்கிறவளுக்கு இந்தப் பாட்டு எதற்கு என்று வினோத்துக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம். அன்று காலையில் அவள் தானே எழுதிப் பாடிய ஒரு பாட்டைக் குழுவில் போட்டாள். தமிழ்ப் பாட்டு. அவளுடைய அக்கா வேலை கிடைத்துச் சென்னைக்கு ரயிலேறிய அன்று பாம்பன் பாலத்தில் நின்று பார்த்ததைப் பற்றியது.

‘ரயில் போன பின்னாலும் தண்டவாளம் அதிருது, நீ போன பின்னால நான்’ என்று முடியும்.

சிலர் இதயம் போட்டார்கள். வினோத், கிதார் சரியில்லை, இது எமோவும் இல்லை, சோகப்பாட்டு, சினிமாவுக்கு வேண்டுமானால் அனுப்பு என்று எழுதினான். சோகப்படுவதற்கு எந்த மொழியில் பெர்மிஷன் வாங்க வேண்டும் என்று அவள் கேட்டாள். சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன. அது தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு என்று வினோத்துக்குப் பட்டது. பேச்சு தடித்தது. கடைசியில், நீ கறுப்புச் சட்டை போட்ட சோகப்பாட்டுக்காரி, இது உனக்கான இடம் இல்லை என்று எழுதிவிட்டு அவளை நீக்கினான். அதன் பிறகு குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் நான்கு மணி சுமாருக்கு நவாஸ் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு வந்து வினோத் வீட்டு வாசலில் நிறுத்தினான். உள்ளே வராமல், வண்டியில் இருந்தபடியே செல்போனை நீட்டினான். யாரோ ஓடும் பேருந்திலிருந்து எடுத்த வீடியோ. பாம்பன் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு ஒரு பெண் கடல் பக்கம் குனிந்திருக்கிறாள். கறுப்பு முழுக்கைச் சட்டை. முகம் தெரியவில்லை. முடி காற்றில் பறக்கிறது. இரண்டு பேர் அவளை நோக்கி ஓடுகிறார்கள். அதோடு வீடியோ முடிந்துவிட்டது. ‘பாம்பன் பாலத்தில் இளம்பெண் விபரீத முடிவு’ என்று மேலே எழுதியிருந்தார்கள்.

“அவளுக்குப் போன் போட்டியா?” என்று வினோத் கேட்டான்.

“மத்தியானத்துல இருந்து சுவிட்ச் ஆஃப்.”

வினோத் செருப்பைக்கூட மாட்டவில்லை. அப்படியே பின்னால் ஏறி உட்கார்ந்தான். ஜெபமாலை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து எங்கே என்று கேட்டதும் அவன் காதில் விழவில்லை.

பாலத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. சுற்றுலா வேன்களுக்கு நடுவே நவாஸ் வளைத்து வளைத்து ஓட்டினான். கடல் இரண்டு பக்கமும் வெயிலில் தகதகவென்று கிடந்தது. வினோத்தால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. அந்தப் பாட்டு மட்டும் தலைக்குள் ஓடியது. பாலம், ரயில், நீ போன பின்னால நான். காலையில் அதைக் கேட்டபோது கிதார் சரியில்லை, ரெக்கார்டிங் சரியில்லை, மொழி சரியில்லை என்றுதான் அவனுக்குத் தோன்றியிருந்தது. அவள் எதைப் பாடியிருக்கிறாள் என்று இப்போதுதான் கேட்டது.

அவன் உதடு தானாக அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கியிருந்தது. ஜெபம் சொல்லி எத்தனையோ காலமாகியிருந்தது.

பாலத்தின் நடுவே ஒரு போலீஸ்காரர் வண்டிகளை விரட்டிக்கொண்டிருந்தார். நவாஸ் ஓரங்கட்டுவதற்குள் வினோத் இறங்கி ஓடினான். அவரிடம் போய், அந்தப் பெண் என்றான். சுவரைக் கையால் காட்டினான். அவர் அவனுடைய கறுப்புச் சட்டையையும் வெறுங்காலையும் பார்த்துவிட்டு, வேண்டியவர்களா என்று கேட்டார். வினோத் தலையாட்டினான்.

“நீ சேலமாப்பா?”

இல்லை, பாம்பன்தான் என்றான்.

“அந்தப் பிள்ளை சேலத்துப் பிள்ளை. வேன்ல வந்துச்சு. சாப்பிட்டது ஒத்துக்காம இங்கன நிப்பாட்டி வாந்தி எடுத்துச்சு. அவுக அப்பாவும் அம்மாவும் ஓடிவந்து பிடிச்சாக. சோடா குடிச்சிட்டு இந்நேரம் கோயில்ல தீர்த்தமாடிக்கிட்டு இருக்கும். இதைப் படம் பிடிச்சவன் மட்டும் என் கையில ஆப்பிடட்டும்.”

நவாஸ் பின்னாலிருந்து சத்தமாக மூச்சு விட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்றான். வினோத் அந்தச் சுவரிலேயே சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். இங்கே உட்காரக் கூடாது, வண்டியை எடுங்கள் என்று போலீஸ்காரர் அதட்டினார். அந்த அதட்டல்கூட அவனுக்கு இதமாக இருந்தது.

அது அவள் இல்லை என்று தெரிந்த பிறகும் வினோத்துக்கு மனசு அடங்கவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும் என்றான். தங்கச்சிமடத்துக்கு வண்டியைத் திருப்பினார்கள்.

அனிட்டா வீட்டுக் கொல்லையில் குழாயடியில் உட்கார்ந்து கணவாய் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். மஞ்சள் நைட்டி, தோளில் ஒரு துண்டு. கையெல்லாம் கணவாய் மை. இவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்து, வினோத்தின் காலைப் பார்த்தாள்.

“செருப்பு எங்க?”

நவாஸ்தான் விஷயத்தைச் சொன்னான். வீடியோ, கறுப்புச் சட்டை, சுவிட்ச் ஆஃப் எல்லாம். போன் வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது, அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறேன் என்றாள் அவள். பிறகு, முழுவதும் புரிந்தவளாக, கையிலிருந்த கணவாயைச் சட்டியில் போட்டாள்.

“ஏலே வினோத்து, நீ குரூப்ல இருந்து தூக்குனா நான் எதுக்குடா சாகணும்?”

நவாஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள் சிரிக்காமல் இருந்ததைப் பார்த்தபோது, அவள் அன்று எவ்வளவு நொந்திருப்பாள் என்று வினோத்துக்குத் தெரிந்தது.

“உன் சித்தி மகன் சொன்னதுக்கு அவனை அப்படி ஏசுனியே. கறுப்புச் சட்டை போட்டவன்லாம் சாகப்போறவனான்னு பக்கம் பக்கமா எழுதுனியே. ஒரு வீடியோவைப் பார்த்ததும் நீயும் அதைத்தானே நினைச்ச?”

“ஆமா,” என்றான் வினோத்.

வேறு எதையாவது சொல்லிச் சமாளிப்பான் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். குழாயைத் திறந்து கையிலிருந்த மையைக் கழுவினாள்.

“மன்னிச்சிரு அனிட்டா. பாட்டை நான் ஒழுங்கா கேக்கவே இல்ல. இது என்ன வகைன்னுதான் பார்த்தேன். இப்ப பாலத்துல போகையில கேட்டுச்சு.”

மத்தியானம் தனக்குக் கோபம் கோபமாக வந்தது, அழுதும் பார்த்தேன், அப்புறம் பசித்தது, சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன் என்றாள் அவள். அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பைக் கண்டதும் வினோத்துக்குக் கண் கலங்கியது. திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்தான். அவன் கண்ணில் தீட்டியிருந்த மை கன்னம் வரை இழுபட்டதைப் பார்த்து அவள் தோளிலிருந்த துண்டை எடுத்து வீசினாள். குழுவுக்குத் திரும்ப வருவதைப் பற்றிக் கேட்டதற்கு, அதை யோசிக்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணவாயைக் கையில் எடுத்தாள்.

வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஜெபமாலை தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் அந்த வீடியோவை அவளிடமும் காட்டியிருக்கிறாள். மகன் வெறுங்காலோடு பாலத்துப் பக்கம் போனது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். வண்டியிலிருந்து இறங்கியவனின் இரண்டு கையையும் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். சட்டென்று விட்டுவிட்டாள்.

பல தடவை அவள் இப்படிப் பார்த்ததுண்டு. ஒவ்வொரு தடவையும் அவன் கையை உதறிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கிறான். அரை மணி நேரம்கூட இல்லை, பாலத்தில் அவன் பட்ட பயம். இவள் எத்தனை மாதமாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று அவனுக்கு அப்போது உறைத்தது.

“அம்மா, நான் சாக மாட்டேன்,” என்றான். “முன்ன ஒருக்கா வீட்டுக்குள்ளயே கிடந்தேன்ல, அப்ப எனக்கு ஒண்ணுமே பிடிக்கல. இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் எந்திரிச்சேன். அதுக்கப்புறம் அப்படித் தோணுனதே இல்ல. இனி எப்பவாச்சும் தோணுனா ஒன்கிட்டத்தான் மொதல்ல சொல்லுவேன்.”

ஜெபமாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தெருவில் நின்று அழ அவளுக்குப் பிடிக்காது. விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதாள். வினோத் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அழுது முடித்தபோது அவள் முகம் காய்ச்சல் விட்டதுபோல் தெளிந்திருந்தது.

பிறகு அவளாகவே, அந்தப் பாட்டு ஒன்றைப் போடு, கேட்போம் என்றாள். வினோத் தயங்கித் தயங்கித் தனக்குப் பிடித்த ஒன்றைப் போட்டான். பாடுகிறவன் மெதுவாகத் தொடங்கி, நடுவில் தொண்டை கிழியக் கத்துகிற பாட்டு. தன்னை மறந்துபோன ஒரு சிநேகிதனைப் பற்றியது என்று அர்த்தம் சொன்னான். ஜெபமாலை கன்னத்தில் கை வைத்து முழுவதும் கேட்டாள்.

“இம்புட்டுத்தானா? நம்ம ஆளுக ஒப்பாரி வைக்கிறதுதானே,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “இப்படிக் கத்துனா அந்தப் பிள்ளைக்குத் தொண்டை என்னத்துக்கு ஆகும்?” என்று உண்மையிலேயே கவலைப்பட்டாள்.

அது எமோ, ஒப்பாரி வேறு என்று சொல்ல வினோத்துக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துக் குழுவில் அவன் எழுதியது சின்னதாகத்தான் இருந்தது. தான் செய்தது தப்பு, இனி யாரையும் கேள்வி கேட்டுச் சேர்க்கப்போவதில்லை, யார் எதைக் கேட்டுவிட்டு வந்தாலும் வரட்டும் என்று எழுதினான். வாய் திறக்காமல் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாங்கள் முதலில் கேட்ட பாட்டைச் சொன்னார்கள். பாதிப் பேர் அவன் அரைகுறை என்று ஒதுக்கியவற்றைத்தான் சொன்னார்கள். திருப்பாலைக்குடிப் பையன், நீ கேள்வி கேட்டுவிடுவாயோ என்று பயந்துகொண்டே இத்தனை நாள் இருந்தேன் என்று எழுதினான்.

அனிட்டா அடுத்த வாரம் பட்டறைக்கு வந்தாள். குழுவில் சேர்ந்துகொள்ள அவசரம் இல்லை, பாட்டுக்கு டிரம்ஸ் போட முடியுமா என்று நவாஸிடம்தான் கேட்டாள். வினோத்திடம், கிதார் சரியில்லை என்றாயே, எந்த இடம் என்றாள். அவன் வாசித்துக் காட்டினான். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அதைப் பற்றியே இரண்டு பேரும் இருட்டும் வரை மல்லுக்கட்டினார்கள்.